முக்கால்வாசிக்கு ஒரு ஆள்

சட்டநூகா முகாம், டென்னசி
20 டிசம்பர் 1863

அன்புள்ள டெல்ஃபியாவுக்கு, ஓரின் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன், இருமல்தான் விட்டபாடில்லை. வருகிற ஜூலையோடு பட்டாளத்தில் எங்கள் மூன்று வருடம் முடிகிறது. அதற்குள் ஒரு புது உத்தரவு. நம் ஊர்ப் படைக் கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால், போட்டவர்களுக்கு உடனே ஒரு மாதம் வீட்டு விடுப்பு. நம் காலாட்படைப் பிரிவின் எண்ணும் கொடியும் நிலைக்கும். இல்லையென்றால் விடுப்பு கிடையாது. ஜூலையில் படை கலைந்துபோகும். நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கேப்டன், தினமும் எங்கள் பக்கத்தில் வந்து குளிர்காய்ந்துகொண்டு, "என்னப்பா, ஊர் பேரைக் கெடுத்துடாதீங்க" என்கிறார். நான் இன்னும் போடவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன்
ஓரின்

பெல்டன், ஓஹையோ
2 ஜனவரி 1864

அன்புள்ள கணவருக்கு,

போடாதீர்கள். ஒரு மாதத்தைக் காட்டி மூன்று வருடத்தைக் கேட்கிறார்கள். கொடிக்காகக் கவலைப்பட வேண்டாம். தைத்தவர்கள் நாங்கள்தானே, வேண்டுமானால் இன்னொன்று தைத்துத் தருகிறோம். இந்தத் தடவையும் சோளத்தை நானும் தங்கையும்தான் அறுத்தோம். ஜூலைவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

உங்களோடு ஒரே கூடாரத்தில் படுக்கும் லைமனிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மனைவி மெர்சிக்குக் காசநோய் முற்றிவிட்டது. கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம், "ஜூலைன்னா ரொம்ப நாள் இருக்கே, டெல்ஃபி" என்கிறாள். எழுதத் தெம்பில்லை அவளுக்கு.

உங்கள்
டெல்ஃபியா

சட்டநூகா முகாம்
13 ஜனவரி 1864

அன்புள்ள டெல்ஃபியாவுக்கு,

நீ எழுதியதை லைமனிடம் சொன்னேன். நேரே போய்க் கையெழுத்துப் போட்டான். அப்போதும் முக்கால்வாசிக்கு ஒரு ஆள் குறைந்தது. மறுநாள் காலை காபியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "உன்னக் கேக்க மாட்டேன்டா. கேட்டா நான் மனுஷனே இல்ல" என்றான்.

கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்ப் போட்டுவிட்டேன். பிப்ரவரி மூன்றாம் வாரம் வருகிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நேரில் திட்டு.

உன்
ஓரின்

பெல்டன்
25 ஜனவரி 1864

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மெர்சியை அதற்கு முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டோம். தரை உறைந்து கிடந்தது. ஊரில் மிஞ்சியிருக்கும் வயதானவர்கள் கோடரியால் வெட்டிக் குழி எடுத்தார்கள். லைமன் வரப்போகிறார் என்பது தெரியாமலே போய்விட்டாள்.

ரயிலடியில் உங்களுக்கெல்லாம் விருந்தாம். கேப்டன் மனைவி வந்து, "உன் வீட்டுக்காரராலதான் எல்லாரும் வர்றாங்க. நீ குடுத்து வச்சவ" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

திட்ட எனக்குத் தெம்பில்லை. லைமனுக்கு விஷயத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தனியே அழைத்துப்போய், உட்காரவைத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு கேப்டனிடம் போங்கள். யாருக்காகப் போட்டீர்களோ, அவள் இப்போது இல்லை. நடக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று ஒரு தடவை, எனக்காக, கேட்டுப் பாருங்கள்.

டெல்ஃபியா