மைக்கில் கூப்பிட்ட தாய்மாமன்

அரும்பாவூர்
12.9.1985

அன்பு மகன் செல்லக்கண்ணுவுக்கு அம்மா பெரியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மனைவி புஷ்பவல்லி, சினை மாடு எல்லோரும் சௌக்கியம். அஸ்ஸாம் மழையில் நீயும் உன்னோடு இருக்கும் பட்டாளத்துப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், நீ வராததை நினைத்து உருகிக்கொண்டிருப்பாய். மீன்சுருட்டியில் உன் தங்கை முத்தாயி மகனுக்குக் காது குத்து ஜாம் ஜாம் என்று நடந்துவிட்டது. நம் வீட்டு மானம் ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை.

உன் தந்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு உலை வைத்திருந்தேன். வாத்தியார்தான் படித்து, லீவு கேன்சலாம் என்றார். நமக்கு இல்லை என்றால் ஒரே இல்லைதான், இந்த இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரேஷன் கடையில் நோ ஸ்டாக், பொழுது சாய்ந்தால் கரண்ட் கட், டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறுகிறவன் வித்தவுட், பள்ளிக்கூடம் வராத பிள்ளை ஆப்சென்ட். தினமும் காலையில் வாத்தியார் ஆப்சென்ட் எத்தனை என்று சொல்வார், அதைக் கழித்துத்தான் நான் அரிசி போட வேண்டும். ஆனாலும் ஒரு கை கூடத்தான் போடுவேன், ஆப்சென்ட் ஆனதெல்லாம் மணியடித்ததும் தட்டோடு வந்து நிற்கும். வராத பிள்ளை இல்லாத பிள்ளை ஆகிவிடுமா.

ஆனால் இதைச் சம்பந்தி செல்லப்பனிடம் எப்படிச் சொல்வது. போன பொங்கலுக்கே, ஒனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கானான்னு முத்தாயியைக் குத்திக் காட்டியவர். நான் வேறு வாய் சும்மா இருக்காமல் என் மகன் மிலிட்டரி டிரஸ்ஸில் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வான் என்று பெருமையடித்திருந்தேன், அதை அவர் மைக் செட்காரனிடமும் சொல்லி வைத்திருந்தார். சீர்த் தட்டோடு பெரம்பலூர், அரியலூர் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மடி குடுக்க ஆள் இல்லாம சீரு மட்டும் எதுக்கு, என் மச்சினன் மவன் உட்காந்துக்கட்டும் என்றுவிட்டார். முத்தாயி பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். வேற்று ஆள் மடி கொடுத்துவிட்டால் அவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஆயுசுக்கும் பேச்சு நிலைத்துவிடும்.

மைக் செட்காரனுக்கு இது எதுவும் தெரியாது. தாய்மாமன் ராணுவ வீரர் செல்லக்கண்ணு எங்கிருந்தாலும் உடனே சாமி முன்னால் வரவும் என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் உன் மனைவி எழுந்தாள். என்னிடம் கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீர்த் தட்டில் உனக்கென்று வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நேரே போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக்கில் கேட்கும்படி, உள்ளேன் ஐயா என்றாள்.

கோவிலே அவள் பக்கம் திரும்பியது. பொம்பள மடியில காது குத்துறது எந்த ஊரு வழக்கம்னு சம்பந்தி பாய்ந்தார். அவள் அசையவில்லை. அவுரு பேரச் சொல்லித்தானுங்க மாமா கூப்ட்டீங்க, அவுரு எல்லையில நிக்கிறாரு, அவுரு எடத்துல நான் உட்காந்துட்டேன், புள்ளையக் குடுங்க என்றாள். ஊசியோடு காத்திருந்த ஆசாரி, நல்ல நேரம் போவுதுங்க, அதான் மடி கெடைச்சிட்டுதே என்றார். முத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். பயல் வீறிட்ட சத்தத்தில் மைக்கே தோற்றது, இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. பந்தியில் சம்பந்தி என் இலைக்குத் தானே பாயசம் ஊற்றிவிட்டு, ஒங்க மருமவ ஆம்பளையாட்டம் உட்காந்துட்டாளேம்மா என்றார். இல்லீங்க, பொம்பளையாட்டமேதான் உட்காந்தா என்றேன். அன்றைக்கு நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், செருப்பில்லாமலே ஓரடி உயர்ந்துவிட்டேன்.

ஈரப் பூட்சோடு இருக்காதே, காலில் சேற்றுப் புண் வரும். புஷ்பவல்லிக்குத் தனியாகக் கடிதம் போடு, எனக்கு எழுதுவதன் அடியில் ஒரு வரி சேர்க்கிற வேலை இனிமேல் வேண்டாம். அந்தப் பட்டுத் துண்டைக் கேட்டேன், தரமாட்டாளாம், லீவு கிடைத்து வந்து நீயே கேட்டுப் பார். நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க என் ஆசீர்வாதம். நம் வீட்டு உலையிலும் தினமும் உனக்கென்று ஒரு கை அரிசி சேர்த்துத்தான் போடுகிறேன். அதையும் இப்போது அவளே சாப்பிட்டுவிடுகிறாள், உன் இடத்தில் இருப்பவள் அவள்தானே.

இப்படிக்கு
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
பெரியம்மாள்