சிவப்புப் பம்புக்கு நீல வண்ணம்

என்றும் நிமிர்ந்தே நின்ற நைனாவுக்கு,

மறைந்தவரிடம் நலம் விசாரிக்கும் வழக்கமில்லை. ஆகையால் நேராகச் செய்திக்கு வருகிறேன். அம்மாவின் வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தியாயிற்று.

அறுவை முடிந்து வந்த டாக்டர், "ரம்பத்தை ரெண்டு தடவை மாத்தினோம் சார். எலும்பா அது, கருங்கல்லு" என்றார். பல்லாண்டு குடித்த தண்ணீரின் ஃபுளோரைடு எலும்பில் ஏறி இறுகிவிட்டதாம். மயக்கம் தெளிந்த அம்மாவோ பெருமையில் பூரித்தார். "பின்ன இன்னா டாக்டரே? எங்க தெரு பம்புத் தண்ணி குடிச்ச ஒடம்பு. சுளுவா அறுந்துடுமா?"

உங்கள் பழைய எக்ஸ்ரேயையும் டாக்டரிடம் காட்டினேன். உங்கள் முதுகு குனியாததற்கும் அதுவே காரணமாம். 'யாருக்கும் வளையாத மனுஷன்' என்று உத்திரமேரூரே உங்களைக் கொண்டாடியதே நைனா, அது கொள்கையா, ஃபுளோரைடா?

அந்தப் பம்பு நினைவிருக்கிறதா? தண்ணீரைச் சோதித்தவர்கள், குடிக்கக் கூடாதென்று அதற்குச் சிவப்பு அடித்துவிட்டுப் போனார்கள். வந்த பொங்கலுக்கே, மாட்டுக் கொம்புக்குப் பூசி மீந்த நீலத்தை அதன்மேல் அடித்தீர்கள். "பண்டிகையும் அதுவுமா அபாயக் கலர் எதுக்குடா?" அரசு அடையாளத்தை அழிப்பது முறையன்று என்று வாயால் ஆட்சேபித்தேன்; கையால் பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். தெருவே மறுபடி குடித்தது.

"மூட்டை நான் மாத்திட்டேன், தண்ணியை நீங்கதான் மாத்தணும். இல்லன்னா மத்த எலும்புக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீடு வந்த அம்மா, கேன் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு, குடிக்கப் பம்புத் தண்ணீர் கேட்டார். டிஸ்சார்ஜ் தாளை வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.

"நிறுத்துடா. உங்க நைனா ஊருக்கே தப்புப் பண்ணிட்டாருன்னு என் வாயால சொல்லணுமா?"

தாளை மடித்து வைத்தேன்.

மறு வாரம் எதிர்வீட்டு மருமகள், நிறைமாதக்காரி, குடத்தோடு பம்பண்டை போனாள். அதுவரை என் தோளைப் பிடித்தே நடந்த அம்மா, வாக்கரை ஊன்றித் தனியாகவே வாசல்வரை வந்து கத்தினார்: "அத்த குடிக்காத கண்ணு! அது செவப்புப் பம்பு!"

அந்தப் பெண் நீலப் பம்பையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அன்று மாலையே சிவப்பு வாங்கிவரச் சொன்னார். நான் அடித்தேன், அம்மா வாக்கரில் நின்று மேற்பார்வை பார்த்தார். முடிந்ததும் மூன்று மஞ்சள் பொட்டு வைக்கச் சொன்னார். "இல்லாட்டி உங்க நைனா கோச்சிக்குவாரு."

அரசு அடையாளத்தின்மேல் பொட்டு வைப்பதும் முறையன்று. வைத்தேன்.

இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் வண்ணம் அந்தப் பம்புக்குத்தான், சிவப்புதான். இது என் வாக்கு நைனா.

அன்று பிரஷ்ஷைக் கழுவிய உங்கள் மூத்த மகன்,
ஏகாம்பரம்