உன் பச்சை பட்டன்

நைனா,

இன்று காலை மாடியில் என் மேசையில் உன் பச்சை விளக்கு எரிந்தது. எத்தனை தடவை அமுக்கினாய் என்று காட்டும் பக்கத்துச் சின்ன போர்டில் 1 என்று இருந்தது. நீ போன ஏழு மாதத்தில் முதல் தடவை. ஆபீஸ் மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் பார்த்தேன். கீழே யார் இருப்பார்கள் என்று தெரிந்தும், படியில் கால் வேகமாகத்தான் இறங்கியது.

உன் கட்டிலை நகர்த்திவிட்டு பெயின்டர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, செவுத்துல மூணு பட்டனு கீது? கைட்டி போட்றவா? கேக்கலாம்னு பச்சைய அமுக்கிகினே கீறேன், நீ வர்ல."

இடுப்பெலும்பு முறிந்து நீ படுத்தபோது நான் செய்தது அது. மோட்டார்களுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதிச் சம்பாதிக்கும் உன் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூச்சு முட்டினால் சிவப்பு. தண்ணீர், பாத்ரூமுக்கு மஞ்சள். பச்சை, நீயே கேட்டு வாங்கியது. "சும்மா கூப்புட ஒண்ணு வையி."

சிப் தன்பாட்டுக்கு ஒரு வேலையில் இருக்கும், பட்டனை அமுக்கினால் விட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டு உன்னைக் கவனிக்கும், பிறகு அதே இடத்துக்குத் திரும்பும், இரண்டு அழைப்பு சேர்ந்து வந்தால் பெரியது முதலில் என்றெல்லாம் விளக்கினேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய்.

"கீய சிக்னல் காட்றவன் ஒர்த்தன்தான். அவன் சொன்னாத்தான் தூக்குவேன். ஆனா நிறுத்துன்னு எவன் கை காட்னாலும் நிறுத்திடணும். செவப்பு அதான?"

அதேதான். சிவப்பை எதுவும் தடுக்காது. பச்சையை மட்டும் மீட்டிங் நேரத்தில் நிறுத்திவைத்தேன். "தொலையாது நைனா, காத்துகினு இருக்கும். முடிஞ்சதும் லைட்டு எரியும்."

"சரி, கியூவுல நிக்கிறேன்" என்றாய்.

சிவப்பு ஒரே ஒரு தடவை எரிந்தது. பேச்சைப் பாதியில் விட்டு ஓடிவந்தேன். ஆம்புலன்சும் சீக்கிரம் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். அதில் என்மேல் குறையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு மதியம், மீட்டிங் முடிந்து பச்சை எரிவதைப் பார்த்து இறங்கிவந்தேன். "ரொம்ப நேரமா கூப்ட்டுகினே கீறேன் கண்ணு" என்றாய். எனக்குப் பசி. "ஒரு தபாதான அமுக்கின. போர்டுல தெரியுதே" என்றேன். ஒரு கணம் என்னையே பார்த்தாய். "போர்டு சொன்னா சரிதான்." என்னத்துக்குக் கூப்பிட்டாய் என்று கேட்காமல் சாப்பிடப் போய்விட்டேன்.

எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று பெயின்டரிடம் கேட்டேன்.

"அஞ்சாறு தபா இருக்கும்க்கா."

மேலே தெரிந்தது ஒன்றுதான். நிறுத்திவைத்த அழைப்புக்குச் சிப்பில் ஒரே ஒரு குறிதான் உண்டு. முதல் தடவை அமுக்கும்போதே அது விழும். அப்புறம் பத்து தடவை அமுக்கினாலும் அதே குறிதான். எனக்குத் தெரியாததில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருவது. மோட்டாரின் சுற்று ஒன்றுகூட விட்டுப்போகாமல் எண்ணத் தனி ஏற்பாடு வைப்பேன். உனக்கு வைக்கத் தோன்றவில்லை.

"பட்டன் இருக்கட்டும். சுத்திப் பெயின்ட் அடிங்க."

"இனிமே யார்க்கா அமுக்கப் போறாங்க?"

பழைய பேப்பர் விரித்த உன் கட்டிலில் உட்கார்ந்தேன். மணலிப் பக்கத்து எண்ணெய் ஆலை வாடை ஜன்னல் வழியே வந்தது. மூடச் சொல்ல ஆளில்லை.

அன்று எத்தனை தடவை அமுக்கினாய் என்று எந்த போர்டும் இனி சொல்லாது. ரொம்ப நேரமா என்றாய். அதையே கணக்காக வைத்துக்கொள்கிறேன், நைனா.