கப்பல் தெரிகிற யன்னல்

மே 6, திங்கள்
காலையில் ஹோலுக்குள் போனால் அன்னலட்சுமி அம்மா கம்பளிச் சட்டையோடு இருக்கிறார். திருகோணமலையில், மே மாதத்தில்! ஏசி பதினெட்டில். தாதி ரிஸ்னாவைக் கேட்டேன், சிரிக்கிறாள். றஹ்மான் நானா குறைப்பாராம், அம்மா கூட்டுவாராம், அவர் திரும்பக் குறைப்பாராம். நாள் முழுக்க இந்த இழுபறிதான். இந்த முதியோர் இல்லத்துக்கு நான்தான் மேட்ரன். எனக்கு மட்டும் தெரியவில்லை.

மே 9, வியாழன்
நிர்வாகக் கூட்டம். மின்கட்டணம் தாங்க முடியவில்லையாம், ஹோல் ஏசிகளைக் கழற்றி விற்றுவிடலாம் என்றார் செயலாளர் இராகுலன். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் கச்சான் காற்று தொடங்கப் போகிறது. மேற்கிலிருந்து அடுப்பு மாதிரி வீசும். இந்த வயதில் இவர்கள் எப்படித் தாங்குவார்கள்? ஆவணி வரை தவணை கேட்டேன். கட்டணத்தைப் பாதியாக்கிக் காட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பாதி! எந்தத் துணிச்சலில்?

மே 11, சனி
ஏசி இருபத்தாறு, கூடவே மின்விசிறி. றஹ்மான் நானாவை விசிறிக்கு நேர் கீழே இருத்தினேன், அன்னலட்சுமி அம்மாவைத் தள்ளி மூலையில். கதிரை மாறியதற்கு இரண்டு பேரிடமும் ஏச்சு. மத்தியானம் அம்மா கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். நான் காணாததுபோல் போய், குசினிக்குள் நின்று சிரித்தேன்.

மே 15, புதன்
பின்னேரத்தில் ஏசி ஓயாமல் ஓடுவதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். உட்துறைமுகத்தைப் பார்த்த மேற்கு யன்னல்கள். வெயில் நேரே உள்ளே. தடித்த திரை போட்டாயிற்று. ஹோல் குளுகுளு. நான் கெட்டிக்காரி.

மே 18, சனி
கெட்டிக்காரி இல்லை. றஹ்மான் நானா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியே வயதானவர். திரை போட்டதிலிருந்து ஹோலுக்கு வருவதில்லை. கப்பல் பார்க்க வெளி விறாந்தையில் போய் இருக்கிறார். வெயில், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன்.
"உள்ள நல்ல குளிர்தான் புள்ள," என்றார். "கபுறுக்குள்ளயும் குளிர்தான்." புதைகுழியைச் சொல்கிறார்.

மே 21, செவ்வாய்
கச்சான் அடித்த நேரம் நானா விறாந்தையில் சரிந்துவிட்டார். உடம்பு கொதித்தது, பேச்சுக் குழறியது. ரிஸ்னாவும் நானும் உள்ளே தூக்கி வந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தப்பிவிட்டார். ஹோல் வெப்பமானியை எத்தினை தரம் பார்த்தனான் — அந்த மனுசன்ர முகத்தைப் பார்த்தனானா?

மே 24, வெள்ளி
திரையைக் கழற்றிவிட்டோம். வெயிலை மறிக்க வேண்டும், கப்பலை மறிக்கக்கூடாது. அப்படியென்றால் யன்னலுக்கு வெளியே, மேலே, சரிவாக. சாம்பல்தீவில் சொல்லித் தென்னோலைக் கிடுகுத் தட்டிகள் எடுத்தேன். எவ்வளவு தாழ்த்திக் கட்டலாம்? நானாவின் கதிரையில் நானே இருந்து பார்த்தேன்.
அன்னலட்சுமி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தாள் இப்பிடி நிமிர்ந்தே இருக்கிறவர்? சரிஞ்செல்லோ கிடக்கிறவர். சரி. இன்னும் சரி."
சரிந்தேன். கப்பல் முழுதாகத் தெரிந்தது. தட்டியை இன்னும் ஒரு சாண் இறக்கச் சொன்னேன்.
சாயங்கால வெயில் தட்டிக்குக் கீழால் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அதற்குள் கிழக்கே இருந்து கடற்காற்று வந்துவிடும். ஏசியை நிறுத்தி, அந்தப் பக்கத்து யன்னல்களைத் திறக்கலாம்.

மே 28, செவ்வாய்
நானா திரும்பி வந்தார். கதிரையில் சரிந்தார். வெளியே பார்த்தார்.
"கோதுமைக் கப்பல்," என்றார். "கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சு நிக்கிது."
இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஜூன் 12, புதன்
வெயில் ஏறாமல் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. என் தலைக்கும்.

ஜூலை 11, வியாழன்
மின்கட்டணம் பாதியாகவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. நல்ல உச்சி வெயிலில் இராகுலன் தானே பார்க்க வந்தார். ஹோலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு திரும்பி வந்தால், மனுசன் நானாவுக்குப் பக்கத்துக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. அன்னலட்சுமி அம்மா எல்லோரையும் சத்தம் போடவேண்டாம் என்று கையைக் காட்டினார். எழும்பியவர் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிடுகு எங்கே எடுத்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 14, புதன்
ஏசிக்காரர்கள் வந்தார்கள். இராகுலன் அனுப்பியிருக்கிறார் — கழற்ற அல்ல, கழுவித் துடைத்துத் தர. அதற்காக மத்தியானம் மெயின் சுவிச்சை நிறுத்தினார்கள். ஏசி இல்லை, விசிறியும் இல்லை. வெளியே கச்சான். பனையோலை விசிறிகளை அள்ளிக்கொண்டு ஹோலுக்கு ஓடினேன்.
நானா கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தாயம் போட்டார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்னலட்சுமி அம்மா மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.
"பிள்ளை, டீவி நிண்டு போச்சு. என்னெண்டு ஒருக்காப் பார்."