பதிவேட்டைக் கொடுத்த கை

மார்ச் 6, வியாழன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் நேற்றுத் தொடங்கியது. புதன்கிழமைக் கூட்டங்களில் பேசும்படி போதகர் அருள்ராஜ் கேட்டிருக்கிறார். ஆதிச் சபையிலிருந்து பிரிந்துபோனவர்களிடம் இன்று நாம் கற்க என்ன இருக்கிறது என்பது தலைப்பு. "முப்பத்தெட்டு வருஷம் நியூஸ் எழுதினீங்க. பழைய நியூஸையும் ஒரு கை பாருங்க சார்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியர் பற்றிப் பேசினேன். வேதநூல்களை எரிக்கும்படி ரோமப் பேரரசன் ஆணையிட்டபோது சில ஆயர்கள் பயந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆபத்து நீங்கியதும் மறுபடி பலிபீடத்தில் நின்றார்கள். கொடுத்த கையிலிருந்து அப்பம் வாங்கமாட்டோம் என்று பிரிந்தவர்களே தொனாத்தியர். அவர்களுடைய உறுதியைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துவிட்டேன். போதகர் கடைசிவரை தலை நிமிரவில்லை. ஏன்?

மார்ச் 13, வியாழன்

பௌர்ணமி கிரிவலம். செங்கம் சாலையில் வண்டி நகரவில்லை. அந்தக் கூட்டத்திலும் விமல்ராஜ் நடந்தே வந்துவிட்டார். பள்ளி ஆசிரியர், சபைக் குழுவில் இருப்பவர்.

"அண்ணே, தெரிஞ்சேதான் பேசினீங்களா?"

"என்ன தெரிஞ்சு?"

சொன்னார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வேடியப்பனின் மகள் கவிநிலா அரசு செவிலியர் வேலைக்குத் தேர்வானவள். அவள் கிறிஸ்தவள் என்று யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறார்கள். மதம் மாறியிருந்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது, வேலையும் போகும். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டதும் போதகர் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். ஒன்பது வயதில் அவள் ஞானஸ்நானம் பெற்ற பக்கம்.

ஒரே தரப்பு. இன்னும் நம்பக் கூடாது.

மார்ச் 15, சனி

போதகரைக் கேட்டேன். மறைக்கவில்லை. "ரெண்டு பேர் வந்தாங்க. கேட்டாங்க. பயந்துட்டேன் சார்." பிறகு, "ஆனா அதுல இருந்தது உண்மைதானே?" என்றார்.

உண்மைதான். அதுதான் என்னை உறுத்துகிறது. வாழ்நாள் முழுக்க உண்மையை அச்சுக்குக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் செய்தி சொன்னவன் பெயரை எந்த அதிகாரிக்கும் கொடுத்ததில்லை. அப்படியானால் இவர் செய்தது என்ன?

மார்ச் 16, ஞாயிறு

திருவிருந்தில் போதகர் கையால் அப்பம் வாங்கப் பதினொரு குடும்பங்கள் எழுந்திருக்கவில்லை. விமல்ராஜ் என் பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். நான்? செருப்பைப் பார்க்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

மார்ச் 19, புதன்

தொனாத்தியர் கதையின் மறுபாதியையும் சொன்னேன். பிறகு அரசே சபையின் பக்கம் வந்தது. பிரிந்தவர்கள்மீது படைவீரர்களை ஏவியது. அவர்களிலும் சிலர் தடியெடுத்தார்கள். எந்தப் பக்கத்தின் கையும் சுத்தமில்லை.

"போன வாரம் சூப்பரா இருந்துச்சுண்ணே. இந்த வாரம் வழவழன்னு ஆயிடுச்சு" என்றார் விமல்ராஜ். இதை அவர் பதிவு செய்யவில்லை.

மார்ச் 27, வியாழன்

நேற்றைய கூட்டத்துக்கு ஒன்பது பேர். யார் சரி என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றுதான் கவிநிலாவைப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து! போதகரைக் கேட்டேன், விமல்ராஜைக் கேட்டேன், பாதிக்கப்பட்டவளைக் கேட்கவில்லை. புது நிருபன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

வேடியப்பன் நிலக்கடலை கொல்லையிலிருந்து வந்து வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் நாற்காலி போட்டாள்.

"எனக்காகத்தான் சண்டையாமே சார்? யார் கையில வாங்கறதுன்னு. விமல்ராஜ் சார் ஒருவாட்டி வந்தாரு, போட்டோ எடுத்துக்கினு போயிட்டாரு. செவ்வாக்கெழம விசாரணை. கூட யாரு வர்றீங்க?"

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 8, செவ்வாய்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் விசாரணை. போதகரும் வந்திருந்தார், நான் அழைக்கவில்லை. வாசலில் அவளிடம், "நான் கொடுத்த பேப்பர் தப்புன்னு சொல்லிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாங்க ஐயா. ரெண்டு பேரும் பொய் சொல்ல வேணாம். ஒருத்தர் போதும்."

உள்ளே போனாள். விவரமில்லாத வயதில் நடந்தது, தான் கிறிஸ்தவள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உத்தரவு பிறகு வருமாம். திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில்தான் இருந்தாள். கீழ்பென்னாத்தூரில் இறங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கூட்டத்துக்கு முன்பே விமல்ராஜுக்குச் செய்தி போய்விட்டது. "இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலண்ணே. மறுதலிச்சவளும் திருவிருந்துப் பந்திக்கு வரக் கூடாது. நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவளுக்காகப் பிரிந்த பதினொரு குடும்பங்களில் அவளுக்கே இடமில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் — எழுத வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் யோசித்தால், அவர் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பிறகு ஏன் எனக்கு நெஞ்சு எரிகிறது? உறுதியை அவர்களிடம் கற்கலாம் என்று நான்தானே பேசினேன்?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மாலை ஆறரை ஆராதனை. பாதி பெஞ்சுகள் காலி. விமல்ராஜின் ஆட்கள் அவர் வீட்டில் தனியாகக் கூடுகிறார்கள். இரண்டாவது பாட்டின்போது கவிநிலா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உத்தரவு இன்னும் வரவில்லை.

பந்திக்கு அழைத்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். முன்னால் போய் முழங்காலிட்டாள். அப்பத்தட்டோடு வந்த போதகர் நின்றுவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கொடுங்க ஐயா" என்றாள், மெதுவாக.

கொடுத்தார். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. நான் எழுந்து போய் அங்கே முழங்காலிட்டுக் கையை நீட்டினேன்.

இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது, யார் கையிலிருந்து வாங்கினேன் என்பது.