நீ கேட்ட களிம்பு

தங்கச்சி,

போனில் ஆரம்பித்தாலே, "ச்சீ, சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சாக்கா இது?" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பதினோரு வருடமாகப் பரிசோதனைக்கூடத்தில் ஊரார் மலத்தைக் கிளறி, ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. வீட்டில் என்னுடையதைப் பார்க்கக் குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடுவேன். ஒருநாள் சிவப்பு கண்ணில் பட்டது. மூலம் என்று நானே முடிவுகட்டிக் களிம்பு வாங்கினேன். ஏழு மாதத்தில் ஆளே பாதியானேன். "சூப்பரா ஆயிட்டே!" என்றார்கள், பல்லைக் காட்டினேன். முப்பத்தாறு வயதில் படியேற மூச்சு வாங்கியது. பழியை மாதவிலக்கின் மேல் போட்டேன். அடுத்தவர் டப்பாவில் அந்தச் சிவப்பைக் கண்டிருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். தூ! என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். புற்றா என்று பார்க்கக் குடலில் எடுத்த சதையின் ரிசல்ட் வந்துவிட்டது. கூட வேலை பார்ப்பவள் அதை என் கையில் தராமல், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம் நீ களிம்பின் பெயரைக் கேட்டாய். எதற்கு என்றுகூடக் கேட்காமல் சொன்னேனே, பாவி!

அதைத் தூக்கி எறி. "கூடப் பொறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். திங்கட்கிழமை உனக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை தண்ணீரைத் திறக்கும் முன் குனிந்து பார். குமட்டினால் குமட்டட்டும்.

உன் அக்கா