மம்பிள்ஸ் திருப்பத்தில் பத்து நிமிடம்

ஜனவரி 9, செவ்வாய்

மழை. நான் ஓட்டும் பஸ் முழுக்க ஈரக் கோட்டு நாற்றம். மம்பிள்ஸ் கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் பத்து நிமிட ஓய்வு. எத்தனையோ வருடமாக அந்தப் பத்து நிமிடம் என்றால் எனக்கு சிகரெட்.

நவம்பரில் விட்டேன். தம்பி ஹெவினுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறவள் புகைக்கக் கூடாது என்று அறுவை மருத்துவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தோளில் நிகோடின் ஒட்டுத்துணி. தோல் தடித்து அரிக்கிறது, ஆசை மட்டும் அடங்கவில்லை.

இன்று இன்னொரு ஓட்டுநர் டெல்வினின் வண்டியும் அதே நேரத்துக்கு வந்து நின்றது. அவன் பற்றவைத்தான். நான் கையை நீட்டிவிட்டேன். ஒன்றை எடுத்து என் விரலிடுக்கில் வைத்தான். பற்றவைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். புறப்படும் நேரம் வந்ததும் திருப்பிக் கொடுத்தேன்.

"நனைஞ்சு போச்சே, நெரிஸ்," என்றான்.

என் கை வியர்வை.

ஜனவரி 10

மின்சிகரெட் விற்கும் வேப் கடை வாசல்வரை போனேன். உள்ளே எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி முகங்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

மருத்துவமனை நர்ஸிடம் போனில் கேட்டுக்கொண்டு வாங்கிவிட்டேன். கடைக்காரி பெயர் மெலேரி. என் வயதுதான் இருக்கும், தலையில் நீலச்சாயம்.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிச்சிட்டிருந்தீங்க?"

"ஒரு பெட்டி. சண்டை வந்தா அதுக்கும் மேல."

சிரித்தாள். தடித்த பேனா அளவுக்கு ஒரு கருவியை எடுத்து வைத்தாள். புகையிலை மணம் வேண்டும் என்று கேட்டேன். "அது வேணாம் கண்ணு. அசலை நெனச்சு நெனச்சு ஏங்குவீங்க. புதினால ஆரம்பிங்க," என்றாள். நிகோடின் குறைவாக இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாலும் கொடுத்தாள்.

கடை வாசலிலேயே சிகரெட் மாதிரி வெடுக்கென்று இழுத்தேன். தொண்டை பற்றி எரிய, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். மெலேரி வெளியே ஓடி வந்தாள். "மெதுவா! சூடான டீயை உறிஞ்சற மாதிரி. முதல்ல வாயில நிறுத்துங்க, அப்புறம் உள்ள விடுங்க."

இந்த வயதில் மூச்சு விடப் பாடம்.

ஜனவரி 13

கருகிய துணியின் சுவை. திரவம் ஊற்றியதும் கொஞ்ச நேரம் ஊற விடவேண்டும் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. பொறுமைதான் இல்லை. உள்ளேயிருக்கும் பஞ்சு கரிந்துவிட்டது. கருவியைச் சுவரில் எறியப் பார்த்தேன்.

ஜனவரி 17, புதன்

ஹெவின் வந்தான். டயாலிசிஸ் இல்லாத நாள், முகத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது. நான் பின்கட்டில் நின்று வேப் இழுத்துக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரை சன்னலைப் படாரென்று திறந்தான்.

"விட்டுட்டேன்னு சொன்னியே!"

"விட்டுட்டேன்டா. இது சிகரெட் இல்ல. எதுவும் எரியறதில்ல, வெறும் ஆவி."

"புகை மாதிரி வருது, நீ புகைக்கிற மாதிரியே நிக்கிற. அப்புறம் என்ன?"

"நர்ஸ்கிட்ட கேட்டுட்டுதான்டா வாங்கினேன்!"

"உன்கிட்ட நானா வந்து கேட்டேன்? நீயாத்தான் தர்றேன்னு சொன்ன. இப்படி ஒளிஞ்சு ஊதிட்டுத் தர்ற சிறுநீரகம் எனக்கு வேணாம்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். போட்டுவைத்த டீ அப்படியே இருந்தது. ஒளிந்தா நின்றேன்? சொந்த வீட்டுப் பின்கட்டில் நிற்பது ஒளிவதா? ஒளிந்துதான் நின்றேனோ?

ஜனவரி 25, வியாழன்

மருத்துவமனை. நர்ஸ் அன்வென் குழாயை நீட்டி, மூச்சைப் பிடித்து ஊதச் சொன்னாள். புகைத்திருந்தால் மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுத்துவிடும். எண் மேலே ஏறுகிறதா என்று பார்க்கத் தைரியமில்லாமல் அவள் காதணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுத்தம்," என்றாள். "வேப்பும் ஒண்ணும் நல்லதில்ல, போகப்போக அதையும் விடணும். ஆனா சிகரெட்டுக்குத் திரும்பறதைவிட இது எவ்வளவோ மேல். டாக்டருக்கும் இதைச் சொல்லிடுறேன்."

ஹெவினுக்குப் போன் போட்டேன். நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "அப்போ நீ வெறும் ஆவி விடற கெட்டில்தானா?" என்றான்.

மன்னிப்பு கேட்க அவனுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

டயாலிசிஸ் நடக்கும்போதே ஹெவினுக்கு ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பிவிட்டது. பாதி ஓட்டத்தில் வண்டியை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். உள்ளே விடவில்லை. வெளிவாசலில் நின்று வேப்பை எடுத்தால் சார்ஜ் இல்லை. உதறினேன், தட்டினேன் — அதில் என்ன வரும்?

இரவு உடையிலேயே வெளியே வந்திருந்த ஒரு பெண் பாக்கெட்டை நீட்டினாள். "எடுத்துக்கம்மா. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

எடுத்தேன். பற்றவைத்தேன். ஒரே இழுப்பு.

கசக்கும், குமட்டும் என்று விட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொய். அருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பயத்தில்தான் அதைக் காலடியில் போட்டு மிதித்தேன்.

ஹெவின் கண் விழித்துவிட்டான். என்னைப் பார்த்ததும், "வண்டிய எங்க விட்டுட்டு வந்த?" என்றான்.

பிப்ரவரி 7

மெலேரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "ஒரு பெட்டி பிடிச்சவளுக்கு இந்த அளவு பத்தாதுன்னு அன்னைக்கே நெனச்சேன். தைரியமா இருக்கணும்னு நீங்க அரைப்பட்டினி கிடக்கறீங்க," என்றாள். நிகோடின் கூடுதலான திரவம், கைவசம் இன்னொரு கருவி. அன்வெனிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் அடுத்ததும் சுலபமாகிவிடும்.

மார்ச் 5

சிறுநீரகப் பரிசோதனைகள் முடிந்தன. ஊசி, படம், மறுபடி ஊசி. சிகரெட் நினைப்பே வராமல் நேற்று ஒரு பகல் முழுக்க ஓடியிருக்கிறது. இன்றுதான் உறைத்தது.

மார்ச் 14, வியாழன்

மம்பிள்ஸ் திருப்பத்தில் நிற்கும்போது போன் வந்தது. தானம் கொடுப்பவர்களைக் கவனிக்கும் அதிகாரி. குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் சிறுநீரகங்களில் ஒன்று மந்தமாம். நல்லதைக் கொடுத்துவிட்டால் மிச்சமிருப்பதை வைத்து நான் பிழைக்க முடியாது. மந்தமானதை அவனுக்குக் கொடுத்துப் பயனில்லை. "சிகரெட்டாலயா?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்தே இப்படி இருந்திருக்கலாம் என்றாள்.

பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டினேன். ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பெட்டி சிகரெட் வாங்கினேன். இதோ மேசைமேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. இனிமே யாருக்குடி நீ விட்டுக் காட்டணும்? எவன் கேக்கப்போறான்? அன்வென்கூட இனி ஊதச் சொல்லமாட்டாள்.

மார்ச் 15

காலையிலேயே ஹெவின் வீட்டுக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அம்மா ரெண்டு பேருக்கும் மட்டமான சரக்கைத்தான் குடுத்திருக்கா!"

நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவன் என் கோட்டுப்பையைப் பார்த்தான். பெட்டியின் முனை துருத்திக்கொண்டிருந்தது.

"திரும்பப் போறியா?"

"தெரியலடா."

"சொல்லிட்டேன் நெரிஸ், உன்னை ஆஸ்பத்திரில வந்து பாக்க எனக்கு நேரமில்ல. வாரத்துல மூணு நாள் நானே அங்க படுத்திருக்கேன்."

கையை நீட்டினான். கொடுத்தேன். பிரித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். பழுப்பு நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 2

மெலேரியிடம் நிகோடின் அளவை ஒரு படி குறைத்து வாங்கினேன். நானேதான் கேட்டேன். "அவசரமில்லயே?" என்றாள். இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

எனக்கே இப்போது சிறுநீரக மருத்துவரிடம் முறை. இனி வருடம் ஒருதரம் காட்டவேண்டுமாம். உப்பைக் குறைக்கச் சொன்னார். புகைக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, வேப் மட்டும், அதையும் குறைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். தம்பிக்காக என்று சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

வெளியே ஹெவின் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவன் பெயர் இப்போது இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் இருக்கிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"என்ன சொன்னாரு?"

"பொழச்சுக்குவேனாம்."

"ஐயோ பாவம், நான்," என்றான்.

பஸ் நிறுத்தம் மேட்டின்மேல். நடந்தே போனோம். வழியில் அவன் இரண்டு இடத்தில் நின்றான். எனக்கு மூச்சு வாங்கவில்லை. இருந்தாலும் நானும் நின்றேன்.